ஒரு சாணும் இரண்டு விரலும்

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் நம் கதாநாயகரை அவருடைய சொந்தச் சட்டைப் பையிலேயே மாட்டிவிட்டு வந்தோம். துவைக்கப் போடுவதற்கு முன் மனைவி அந்தப் பையைத் துழாவினாள். நான்காக மடித்த தாள் ஒன்று கிடைத்தது. விமானப் பயண விவரம். புறப்பாடு காலை 10.05. சேர்வது பிற்பகல் 3.20. அதே தேதி.

நாயகர் யார் என்பதைப் புதிதாக வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷமாக ஒரு டிராவல்ஸ் ஆபீசில் விமான டிக்கெட் போடுகிறவர். ஆபீசில் அவருக்கு ‘ஆகாயம்’ என்று பெயர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் என்று தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். வழி தவறிய பறவைகள் அவருடைய ஜன்னலில் உட்கார்ந்து விசாரித்துவிட்டுப் போவதாக ஒரு பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்ட ஆகாயம் இன்றுவரை ஒரு விமானத்துக்குள் ஒற்றைக் கால்கூட வைத்ததில்லை.

காரணம் மூடிய கதவு. இருபத்திரண்டு வயதில் ஒரு லிஃப்டில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து தாழ்ப்பாள் என்றாலே அவர் பத்தடி தள்ளி நிற்பார். ஆபீஸ் நான்காம் மாடியில் இருக்கிறது, எண்பத்தெட்டுப் படி. முப்பது வருஷமாக அவர் ஏறிய படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நிலாவில் இறங்கி இளைப்பாறிவிட்டு வரலாம். வீட்டுக் குளியலறையிலும் தாழ்ப்பாள் கிடையாது, பதிலுக்குப் பாட்டு. மூன்றே வரி தெரிந்த ஒரு பழைய பாட்டை, குளித்து முடிக்கும்வரை விடாமல் பாடுவார். பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் என்று அர்த்தம்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரே மகள் கல்யாணமாகிக் கடல் கடந்து போனாள். “ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வருவோமா?” என்று மனைவி கேட்டபோது, ஆகாயம் ஒரு தாளை நீட்டினார். அங்கிருந்து இங்கே வரும் பயணத்தின் தாள். “பாரு. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு ஏறினா, செவ்வாய்க்கிழமை மதியம் மூணு மணிக்குத்தான் இறங்கலாம். நீயே எண்ணிக்கோ.”

எண்ணினாள். முப்பத்து மூன்று மணி நேரம். “உன் முட்டி தாங்காதும்மா” என்றார், குரலில் தேன் வடிய.

தாள் பொய் சொல்லவில்லை. டிக்கெட் தாளில் ஒவ்வொரு ஊருக்கும் அந்தந்த ஊர்க் கடிகாரம்தான் போட்டிருக்கும். அங்கே கடிகாரம் ஒன்பது மணி நேரம் பின்னால் ஓடுகிறது. திரும்பி வரும்போது அந்த ஒன்பதும் சும்மாவே கணக்கில் ஏறிக்கொள்ளும்; நிஜப் பயணம் இருபத்து நான்கு மணி நேரம்தான். அதை அவர் சொல்லவில்லை. ஆறு மாதத்துக்கு முன், எங்கும் இறங்காமல் ஒரே மூச்சில் பறக்கும் விமானம் வந்துவிட்டதையும் மூச்சு விடவில்லை. அந்த விமானத்தின் தாளை மட்டும் வாரம் ஒரு முறை அச்சடித்து, மடித்து, பையில் வைத்துக்கொண்டு திரிவார், தைரியம் வருமென்று. தைரியம் வரவில்லை. மனைவியின் கைதான் வந்தது.

இனி செவ்வாய்க்கிழமை காலை.

மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. கழுத்தில் இஞ்ச் டேப் இல்லாமல் அவளைப் பார்த்தவர்கள் இல்லை; பிறக்கும்போதே அதோடுதான் பிறந்தாள் என்று நான் சத்தியம் செய்யத் தயார்.

ஆகாயம் காபியை வாயருகே கொண்டுபோன நேரம் பார்த்து அவள் சொன்னாள்: “அஞ்சே கால் மணி நேரம்.”

“என்னது?”

“பத்து அஞ்சுக்கு ஏறினா மூணு இருபதுக்கு இறங்கிடலாம். அதே நாள். அஞ்சே கால் மணி நேரம். ஒரு கோட்டுக்கு லைனிங் வெச்சு முடிக்கிற நேரம். என் பொண்ணு ஒரு கோட்டு தூரத்துலதான் இருக்கா.”

“அது வந்து...”

“முப்பத்து மூணுன்னீங்களே?”

காபி அவர் தொண்டையில் வேறு வழியில் போயிற்று. இங்கேதான் நம் மனிதர் மாட்டிய இடத்தைக் கவனிக்க வேண்டும். உண்மை ஐந்தும் இல்லை, முப்பத்து மூன்றும் இல்லை, பதினாலே கால். ஐந்து இல்லை என்று சொல்ல வேண்டுமானால் கடிகாரக் கதையைச் சொல்ல வேண்டும். கடிகாரக் கதையைச் சொன்னால் முப்பத்து மூன்றின் குட்டு உடையும். இந்தப் பக்கம் சுவர், அந்தப் பக்கம் சுவர், நடுவே ஒரு காபி டம்ளர்.

“இப்பல்லாம் விமானம் கொஞ்சம் வேகமா...” என்று பூசி மெழுகப் பார்த்தார்.

“நாலு வருஷத்துல ஆறு மடங்கா? அதுல பறக்கிறவங்களுக்கு முடியெல்லாம் தலையிலயே இருக்குமா?”

அவர் குளியலறைக்குள் ஓடினார். பாட்டு கேட்டது. இரண்டாவது வரியிலேயே சுருதி போயிற்று.

ஆபீஸ் போய்ச் சேர்ந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள் டோக்கன் வரிசை நீண்டிருந்தது. அவருடைய மேசையில் ஒரு பூகோள உருண்டை உண்டு. அதில் ஒரு நூல் கட்டியிருக்கும். வாடிக்கையாளர் எந்த ஊர் சொன்னாலும் ஆகாயம் நூலை இரு ஊருக்கும் நடுவே இழுத்துப் பிடிப்பார். பிறகு நூலின்மேல் விரல் வைத்து அளப்பார். அந்த உருண்டைக்கு ஒரு விரல் அகலம் ஒரு மணி நேரப் பறப்பு. இது எந்தப் புத்தகத்திலும் இல்லை; அவர் விரலிலேயே விளைந்த சாஸ்திரம்.

“எட்டு விரல் சார். எட்டு மணி நேரம். கண்ணை மூடித் திறந்தா இறங்கிடலாம்.”

“பயமா இருக்காதே?” என்றார் வந்தவர்.

“விமானமா? நம்ம வீட்டு சோபா மாதிரி!”

பக்கத்து மேசையில் விசா விண்ணப்பங்கள் பார்க்கும் பெண்மணி லொக்கென்று இருமினாள். அவளுக்கு ‘விசா அக்கா’ என்று பெயர். ஆகாயத்தைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனாலும் எல்லாருக்கும் அக்கா.

பதினொரு மணிக்கு மகள் ஆபீஸ் எண்ணில் கூப்பிட்டாள்.

“அங்க ராத்திரி ரெண்டு மணியாச்சே! ஏன்டா முழிச்சிருக்கே?”

“அப்பா, நான் சொல்றதைப் பதறாம கேளுங்க. வயித்துல குழந்தை இன்னும் தலைகீழாத் திரும்பலையாம். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு டாக்டர் நேத்து சொன்னாங்க.”

“மாப்பிள்ளை?”

“அவர் கப்பல்லதானே. கரைக்கு வர மூணு வாரம் ஆகும். நான் தனியாத்தான் போய்ப் படுக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அம்மாவை மட்டுமாவது அனுப்புங்கப்பா. விசாதான் உங்க ரெண்டு பேருக்கும் போன மாசமே எடுத்தாச்சே. முப்பத்து மூணு மணி நேரம்னு நீங்க விட்ட கதையை நாலு வருஷமா நானும் காப்பாத்திட்டேன். இனிமே என்னால முடியாது.”

அவருடைய மகள் சின்ன வயதில் விழுந்தால்கூட அழமாட்டாள்; விழுந்த இடத்தைத்தான் முறைப்பாள். அப்படிப்பட்டவளின் குரல் இப்போது ஓரம் பிய்ந்திருந்தது.

போனை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் தட்டினார். நேர் விமானம் வாரத்தில் இரண்டு நாள். புதன் விட்டால் சனி. வழியில் இறங்கி மாறிப் போகும் விமானங்களில் இந்த வாரம் இடமே இல்லை. சனிக்கிழமைக்குள் குழந்தை பிறந்து பெயரே வைத்திருப்பார்கள். நாளைக் காலை 10.05 விமானத்தில் மிச்சம் இரண்டே இருக்கை. பக்கத்துப் பக்கத்தில்.

ஹோல்டில் போட்டார். ஹோல்டு என்றால், துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. மாலை ஆறு மணிக்குள் டிக்கெட்டாக அடிக்காவிட்டால் கம்ப்யூட்டர் துண்டை எடுத்து வீசிவிடும். காத்திருக்கும் வேறு யாருக்கோ இடம் போய்விடும். அவரவர் ஹோல்டை அவரவர் பாஸ்வேர்டு போட்டுத்தான் அடிக்க முடியும்.

முதல் பெயர் மனைவி. சரசரவென்று அடித்தார். இரண்டாவது பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். திறந்து பார்த்தால் தன் பெயரிலேயே எழுத்துப் பிழை. திருத்தினார். முதுகில் வியர்வை ஒரு சிற்றாறாக இறங்கியது.

‘டிக்கெட் அடிக்கவா?’ என்று கேட்டுத் திரை கண் சிமிட்டியது. பன்னிரண்டு மணிக்கும் சிமிட்டியது. மூன்று மணிக்கும் சிமிட்டியது. ஒருத்தருக்கு அடிப்பதா, இரண்டு பேருக்கா? ஒருத்தருக்கு என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். இரண்டு என்றால் கதவை மூடுவார்கள். பட்டனுக்கும் அவர் விரலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளிதான். அவருடைய சாஸ்திரப்படி ஒரு மணி நேர தூரம். அதை அவரால் அன்று முழுக்கக் கடக்க முடியவில்லை.

ஐந்தேகால் மணிக்கு டோக்கன் நாற்பத்தேழு.

“வணக்கம் சார்” என்று எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவள் அவருடைய மனைவி.

முப்பது வருஷத்தில் ஆபீசுக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. கழுத்தில் டேப், மடியில் கைப்பை, கையில் இரண்டு பாஸ்போர்ட்.

“நீ... நீ எப்படி இங்க?”

“லிஃப்ட்ல வந்தேன். எனக்கு ஒரு டிக்கெட் வேணும் சார். என் பொண்ணு ஊருக்கு. எவ்வளவு நேரம் ஆகும்?”

விசா அக்காவின் பேனா நின்றது. டோக்கன் நாற்பத்தெட்டும் நாற்பத்தொன்பதும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

“பதினாலே கால் மணி நேரம்” என்றார் ஆகாயம். முப்பது வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் தப்பான நேரம் சொல்லிப் பழகாத நாக்கு. அவரைக் கேட்காமலேயே சொல்லிவிட்டது.

“அஞ்சே கால் இல்லையா?”

“இல்ல. கடிகாரம் அங்க ஒன்பது மணி நேரம் பின்னால...”

“முப்பத்து மூணும் இல்லையா?”

ஆகாயம் கம்ப்யூட்டர் திரைக்குப் பின்னால் குனிந்துகொண்டார்.

“யாரு அக்கா முப்பத்து மூணு சொன்னது?” விசா அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “நேர் ஃப்ளைட் வந்து ஆறு மாசமாச்சே! அந்த ஆளை என்கிட்ட காட்டுங்க.”

“காட்டறேன், இருங்க. எனக்கே இப்பதான் முழுசாத் தெரியுது” என்றாள் மனைவி. உருண்டையைத் தன் பக்கம் இழுத்தாள். “எங்க, அளந்து காட்டுங்க.”

ஆகாயம் நூலை இழுத்துப் பிடித்தார். அவசரத்தில் நூல் இரண்டு கடல் தாண்டி வேறு யாரோ ஒருவருடைய மகள் ஊருக்குப் போயிற்று. அவள் அவருடைய கையைத் தள்ளிவிட்டு, தானே நூலைச் சரியாக வைத்தாள். உச்சியை ஒட்டி வளைந்து போனது நூல்.

“வீட்டுச் சுவர்ல தொங்கற உலகப் படத்துல வேற மாதிரி சுத்திச் சுத்திக் காட்டினீங்க.”

“அது தட்டையான படம். இது உருண்டை. ரெண்டும்...”

“எனக்கா அளவு சொல்லித் தரீங்க? மேசைல விரிச்ச துணியும் உடம்புல ஏறின துணியும் ஒண்ணான்னு என்னைக் கேளுங்க.” நூலின்மேல் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து வைத்தாள். “ஒரு சாண். மேல ரெண்டு விரல். சாணுக்குப் பன்னிரண்டு விரல்னா, பதினாலு.” நிமிர்ந்தாள். “ஒரு சாணும் ரெண்டு விரலும். இதுக்கா நாலு வருஷம்?”

“என் முட்டிக்காகன்னு சொல்லிடாதீங்க” என்று அவர் வாயைத் திறக்குமுன் சேர்த்துக்கொண்டாள். “தையல் மிஷினை இருபத்தெட்டு வருஷம் மிதிச்ச முட்டி. உங்க விமானத்தையே மிதிச்சு ஓட்டும்.”

“எனக்குக் கதவு...” ஆகாயம் குரலைத் தணித்தார். “கதவை மூடிடுவாங்கம்மா.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“தாழ்ப்பாள் போடாத மனுஷனோட முப்பது வருஷம் குடித்தனம் பண்றேன். தெரியாதா? நான் கடைவீதிக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் குளிக்காம துண்டோட உக்காந்திருப்பீங்க. உங்க பாட்டைக் கேக்க வெளில ஒரு ஆள் வேணும். நான் ரெண்டு மாசம் அங்க போனா நீங்க ரெண்டு மாசம் குளிக்க மாட்டீங்க. அதுக்காகவும்தான் தனியாப் போகல.”

டோக்கன் நாற்பத்தெட்டு களுக்கென்று சிரித்துவிட்டு, சன்னலைப் பார்த்தார்.

அவள் சிரிக்கவில்லை. “முப்பத்து மூணு மணி நேரம் உங்களை மூடின கதவுக்குள்ள உக்கார வைக்கறது பாவம்னு நினைச்சேன். அதனாலதான் நாலு வருஷமா மறுபடி கேக்கல. என் முட்டிக்காக இல்ல. பதினாலுதான்னு தெரிஞ்சிருந்தா, அந்த விமானம் வந்த அன்னிக்கே காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருப்பேன்.”

ஆகாயம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்ன பொய்யை, அவள் அவரைக் காப்பாற்றுவதற்காகச் சுமந்திருக்கிறாள். அப்படிப் பார்த்தால் நான்கு வருஷமாக மாட்டிக்கொண்டிருந்தது அவர் மட்டும் இல்லை.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னார். கேட்டதும் அவள் கை தானாகக் கழுத்து டேப்பைப் பிடித்துக்கொண்டது. ஹோல்டில் இருக்கும் இரண்டு பெயரையும் காட்டினார். இரண்டாவது பெயரை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நிஜமா வர்றீங்களா?”

“தெரியலம்மா.”

“நடுவானத்துல கதவைத் திறங்கன்னு நீங்க கத்தினா நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கறது? இங்கயே பாத்துடுவோம். எழுந்திரிங்க.”

“எங்க?”

“லிஃப்ட்ல. கீழ அரை நிமிஷம், மேல அரை நிமிஷம். வந்துட்டீங்கன்னா ரெண்டு டிக்கெட் அடிங்க. வரலன்னா ஒண்ணு. நான் தனியாப் போய் என் பொண்ணு பக்கத்துல நிக்கறேன். உங்களைத் திட்ட மாட்டேன், சத்தியமா.”

மணி 5.38. நேரம் தாராளம். கைப்பையை நாற்காலியில் வைத்தாள். “அக்கா, என் இடத்தைப் பாத்துக்கோங்க. இது என் ஹோல்டு.”

முப்பது வருஷமாக ஆகாயம் அந்த லிஃப்டைத் தெருநாயைக் கடப்பது போல ஓரமாகக் கடந்து போனவர். இன்று அது வாயைப் பிளந்து நின்றது. உள்ளே ஒரு மஞ்சள் விளக்கு, ஒரு கண்ணாடி, ‘நான்கு பேர் மட்டும்’ என்ற தகடு. அவள் உள்ளே போய்க் கதவைக் கையால் பிடித்துக்கொண்டாள்.

“வாங்க.”

வலது காலை வைத்தார். விண்வெளியில் முதல் அடி வைத்தவருக்குக்கூட அவ்வளவு வியர்த்திருக்காது. இடது கால் வெளியே நின்று விடைபெற்றுக்கொண்டிருந்தது. மகளின் குரல் ஓரம் பிய்ந்தது நினைவுக்கு வந்தது. இடது காலும் வந்தது.

கதவு மூடியது. அவர் கண்ணும் மூடியது.

“பாத்தீங்களா? ஒண்ணும் இல்ல” என்றாள். லிஃப்ட் இறங்கத் தொடங்கியது. மூன்று என்ற எண் எரிந்து அணைந்தது. ஆகாயம் கண்ணைத் திறந்தார். அட, சுவர் சுவராகத்தான் இருக்கிறது. மூச்சு மூச்சாகத்தான் வருகிறது. “நான் வரேன்” என்று சொல்ல வாயெடுத்தார்.

லிஃப்ட் ஒரு விக்கல் விக்கி நின்றது. விளக்கு அணைந்தது.

இருட்டில் அவள் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கும் சத்தம் கேட்டது. டக், டக், டக். அபாய மணிப் பட்டனை அமுக்கினாள். அதுவும் வெறும் டக். அவருடைய கைக்கடிகாரத்தின் பச்சை முள் 5.41 காட்டியது.

“போன்?” என்றாள்.

“மேசைல. உன்னுது?”

“பைல. பை நாற்காலில.”

சுவர்கள் நகர ஆரம்பித்தன. நகரவில்லைதான், ஆனால் அவருக்கு நகர்ந்தன. இருபத்திரண்டு வயது திரும்பி வந்து தோளில் ஏறி உட்கார்ந்தது. மூலையில் சரிந்தார். பாட வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

ஏதோ வழவழப்பாக அவர் மணிக்கட்டைச் சுற்றியது. இஞ்ச் டேப். மறுமுனை அவளுடைய மணிக்கட்டில்.

“வெளில ஆள் இருக்கணும்னுதானே பாடுவீங்க? நான் உள்ளயே இருக்கேன். பாடுங்க.”

“வர... வரல.”

அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் ஒரு தாலாட்டுகூடப் பாடாதவள், கதவுக்கு வெளியே நின்று முப்பது வருஷம் கேட்ட அந்த மூன்று வரியைப் பாட ஆரம்பித்தாள். சுருதி இல்லை, தாளம் இல்லை, ஈவிரக்கமும் இல்லை. அந்தப் பாட்டை எழுதியவர் கேட்டிருந்தால் எழுதியதையே மறுத்திருப்பார். இரண்டாவது வரியில் ஒரு வார்த்தையைத் தப்பாகப் பாடினாள். பொறுக்க முடியாமல் ஆகாயம் திருத்தினார். திருத்திய வார்த்தை குரலோடு வந்தது.

இரண்டு பேருமாக மூன்றாவது வரிக்குப் போனபோது, மேலே, லிஃப்ட் போகும் சுரங்கத்தின் உச்சியிலிருந்து ஒரு சேவல் கூவியது.

பாட்டு நின்றது. அது அவளுடைய போன். மகளுக்கென்று மட்டும் வைத்த மணி.

“இந்த நேரத்துல அவ கூப்பிட மாட்டாளே” என்றாள் இருட்டில். டேப் இறுகியது.

சேவல் விடாமல் கூவிக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. பிறகு விசா அக்காவின் குரல், நான்காம் மாடியிலிருந்து, படிக்கட்டு அதிர:

“சார்! எங்க இருக்கீங்க? உங்க பொண்ணு! வெள்ளிக்கிழமை இல்லையாம் சார், வலி இப்பவே...”

பச்சை முள் 5.49. ஹோல்டு போகப் பதினோரு நிமிஷம்.

ஆகாயம் எழுந்து நின்றார். தன் வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு மூடிய கதவின் நடுப் பிளவில் பத்து விரலையும் நுழைத்தார்.